பேழையின் உட்புறம்

நம் ஆலங்குளம் பங்குக் கோயிலுக்குப் பொன்முலாம் பூசிய புதிய நற்கருணைப் பேழை ஒன்று வேண்டும் எனப் பங்குப் பேரவை ஒருமனதாய்த் தீர்மானித்தது. தீப்பெட்டி ஆலைகளிலும் பட்டாசு ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் நாட்கூலிக்கு உழைப்போரே நம் பங்குமக்களில் மிகுதி. "எங்க வீட்ல இல்லாத அழகு ஆண்டவர் வீட்லயாவது இருக்கட்டும் சாமி" என்று அவர்கள் சொன்னபோது மறுத்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. அதுமட்டுமன்று; பேழையின் அடியில் பொறிக்க வேண்டிய வாசகத்தையும் நாம் அன்றிரவே எழுதி முடித்துவிட்டோம். அதில் நம் பெயரும் இருந்தது.

சில நாள் கழித்து, மாலைச் செபமாலை முடிந்தபின், தனியே வாழும் கைம்பெண் ஒருவர் வந்து, தாளில் மடித்த ஒரு சோடித் தோட்டை நம் கையில் வைத்தார். "முலாம் பூசுற தங்கத்தோட இதையும் சேத்துக்கோங்க சாமி" என்றார். அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதை நாம் அறிவோம். நாளை பேசலாம் என்று சொல்லித் தோட்டைத் திருப்பி அனுப்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. என்றோ நூலொன்றில் கண்ட வேறொரு பேழையின் படம் நினைவில் எழுந்தது.

இடைக்காலத்தின் இறுதியில் ஐரோப்பிய அரண்மனைகளில் பக்தியும் பகட்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன. பிரான்சு நாட்டில் பெரி கோமகன் ழான், லிம்பர்க் உடன்பிறப்புகள் மூவரைக் கொண்டு ஒரு மணிச்செபநூலைத் தீட்டுவித்தார். நாளின் வெவ்வேறு வேளைகளுக்குரிய செபங்களைக் கொண்ட நூல் அது. 1416இல் கோமகனும் ஓவியர் மூவரும் இறந்துபோக, நூல் முற்றுப்பெறாமல் நின்றது. பின்னர் அச்சுக்கலை வந்தது. பாரிசு நகரில் தியேல்மன் கெர்வர் போன்றோர் படங்களோடு கூடிய மணிச்செபநூல்களை அச்சிட்டுப் பரப்பினர். கோமகனின் கையிலிருந்த அழகு வணிகரின் கைக்கும் எட்டியது. அந்தப் படங்கள் கப்பலேறி நமக்கு அண்மையிலுள்ள இலங்கைக்கும் வந்து சேர்ந்தன.

அங்கே கோட்டை அரசில் யானைத் தந்தம் செதுக்கும் கைவினைஞர் இருந்தனர். அன்னை மரியாவின் வாழ்க்கைக் காட்சிகளை அவ்வச்சுப் படங்களிலிருந்து எடுத்து, தம் நாட்டுக் கொடிகளையும் பூக்களையும் சுற்றிலும் படரவிட்டுச் செதுக்கிய தந்தப் பேழை ஒன்று இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னன் தர்மபாலன் 1557இல் திருமுழுக்குப் பெற்றதை ஒட்டிச் செய்யப்பட்டது எனக் கருதப்படுவது அது. அதனினும் முந்தியதொரு பேழை செருமனியின் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்தது. நம் உறக்கத்தைக் கெடுத்தது அந்தப் பேழையே.

தம்பி மாயாதுன்னைக்கு அஞ்சிய கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு, தன் மகள் வயிற்றுப் பேரனாகிய தர்மபாலனுக்கு அரியணையை உறுதி செய்ய விரும்பி, அச்சிறுவனின் பொற்சிலை ஒன்றை லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ழுவாவ் அச்சிலைக்கு முடிசூட்டினார். தூதன் சிலையை நீட்டுவதும், அரசர் முடிசூட்டுவதும் அந்தப் பேழையின் தந்தத்தில் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன.

விளைந்தது என்ன? 1551இல் புவனேகபாகு போர்த்துக்கீசிய வீரன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். தர்மபாலன் திருமுழுக்குப் பெற்றதும் பௌத்தக் கோயில்களின் நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவியருக்கு எழுதிக் கொடுத்தான். மக்கள் அவனைவிட்டு விலகினர். 1580இல் தன் நாட்டையே போர்த்துக்கல் அரசுக்கு எழுதி வைத்து, 1597இல் கொழும்பில் இறந்தான். அன்னை மரியாவின் அழகிய பேழைக்கும் அந்த நிலப் பட்டயங்களுக்கும் காலம் ஒன்றே. கத்தோலிக்கர் என்ற முறையில் இதை மறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

மறுநாள் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். "உங்களுக்கே தேவை இருக்கும்போது எதுக்கம்மா இது? கூரையச் சரிசெய்ங்க" என்றோம். ஏழையரின் பெயரைச் சொல்லி மறுப்பது எளிது. பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைக் குறைகூறிய யூதாசும் அப்படித்தான் பேசினான். அவரோ சற்றும் தயங்காமல், "வேண்டாததையா சாமி ஆண்டவருக்குக் கொடுக்கிறது? எனக்கு ஆசையா இருக்கிறதாலதான கொடுக்கேன்" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். புவனேகபாகுவின் பொற்சிலை ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுக்கப்பட்டது. நாம் எழுதிய வாசகமும் அத்தகையதே. பேழையை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பெயரை நாம் பெற்றுக்கொள்ளும் பேரம் அது. இந்தத் தோடோ எதையும் கேட்கவில்லை. ஆயினும் கைம்பெண்ணின் காணிக்கையைப் பாராட்டிய ஆண்டவர், அதற்குச் சற்று முன்னர்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைக் கண்டித்தார் என்பதையும் குருவாகிய நாம் மறத்தல் ஆகாது.

அடுத்த ஞாயிறன்று பேரவையில் நம் வாசகத் தாளைக் கிழித்துப் போட்டோம். நீண்ட வாதத்திற்குப்பின் ஒரு முடிவு கிட்டியது. உள்ளூர் ஆசாரி ஒருவர் தேக்கு மரத்தில் பேழை செய்தார். இராசபாளையத்துப் பொற்கொல்லர் ஒருவர், அந்தத் தோட்டின் பொன்னைக்கொண்டு பேழையின் உட்புறத்தில் மட்டும் பொருத்தும் தகட்டுக்கு முலாம் பூசித் தந்தார். மீந்த தொகையில் முதற்செலவு ஒழுகிய அந்தக் கூரைக்கு; எஞ்சியது வெடிவிபத்தில் தந்தையை இழந்த பிள்ளைகள் இருவரின் படிப்புக்கு. எல்லார்க்கும் இதில் நிறைவில்லை. பக்கத்து ஊர்ப் பேழை மின்னுவதை இன்றும் சிலர் சுட்டிக்காட்டுகின்றனர். அவர்களையும் நாம் குறைகூற மாட்டோம். அழகின்மேல் ஏழைக்கும் பசி உண்டு.

ஒவ்வொரு நாளும் திருப்பலிக்குப்பின் பேழையைத் திறக்கையில், அந்தச் சிறு பொன்னொளி ஒரு கணம் நம் கண்ணில் படுகிறது. மக்கள் அதைக் காண்பதில்லை. கதவை மூடியபின் நாமும் காண்பதில்லை. அதைக் காண வேண்டியவர் உள்ளே இருக்கிறார்.