சிக்கனமாய் ஓர் இமய யாத்திரை

"வடக்கே இமயமலை" என்று எழுதி ஒரு மார்க்கு வாங்காத மாணவன் நம் தேசத்தில் இருக்க முடியாது. பூகோளத்தில் இமயம், சரித்திரத்தில் இமயம், தமிழ்ச் செய்யுளிலோ கேட்கவே வேண்டாம். சேர மன்னர் இமயத்தில் வில்லைப் பொறித்த கதையை ஆண்டுதோறும் நாமும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊருக்கு மேற்கே உள்ள கரட்டைத் தவிர வேறு மலையைக் கண்டதில்லை. இமயத்தைப் பார்ப்பது பணம் படைத்தவர்களின் காரியம் என்று அவர்கள் வீட்டில் எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது.

பிரயாணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு செலவைக் கணக்கிடுவார்கள். கடைசியில், யார் யாரால் வர முடியாது என்று தெரிந்துகொள்வார்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்தோம். வருவதற்கு ஆசைப்பட்டவர்களில் மிகவும் சிரம தசையில் இருந்த பெண்ணின் வீட்டுக்கு முதலில் போனோம். அவளுடைய தாயார் நூற்பு மில்லில் வேலை செய்பவர்.

"மாதம் 400 ரூபாய் கட்டுகிறேன், ஸார். அதற்கு மேல் முடியாது. இனாமாக அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அனுப்பமாட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

பத்து மாதத்துக்கு 4,000 ரூபாய். பன்னிரண்டு பேருக்கும் அதுவே கட்டணம் என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. வசதியுள்ள பெற்றோர் இரண்டொருவர், "மேற்கொண்டு எவ்வளவானாலும் தருகிறோம், குளிர்சாதன வண்டியில் அழைத்துப் போங்கள்" என்றார்கள். நல்ல மனத்துடன்தான் சொன்னார்கள். ஆனால், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ரயிலில் இரண்டு விதமாகப் போவது நமக்குச் சம்மதமில்லை.

4,000 ரூபாய்க்குள் அடங்கும் இமயம் எது? சிம்லா, முசூரி, நைனிதால் எல்லாம் பேர் பெற்ற இடங்கள்; பேருக்குத் தகுந்த வாடகையும் உண்டு. விசாரித்துப் பார்த்ததில் கௌசானி என்னும் சிற்றூர் அகப்பட்டது. உத்தராகண்டத்தில், குமாவோன் பிரதேசத்தில், சுமார் 6,200 அடி உயரத்தில் ஒரு மலை முதுகின்மேல் இருக்கிறது. ஒரு புறம் கோசி நதியின் பள்ளத்தாக்கு; மறு புறம் கோமதி நதியின் பள்ளத்தாக்கு. வடக்கே திரும்பினால் பனிமலை. சின்னக் கடைத்தெருவைத் தாண்டினால் பைன் மரங்களில் காற்று வீசும் ஓசைதான்.

கல்விச் சுற்றுலாவாகச் செல்லும் மாணவர்களுக்கு ரயில்வேயில் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு சலுகை. தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல பள்ளிக்கூடங்களில் இதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. கம்பளிச் சட்டைகளை விலைக்கு வாங்கவில்லை; ஊரெல்லாம் கேட்டு இரவல் வாங்கினோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கொடுத்த கோட்டு, நம் கோஷ்டியின் மிகச் சிறிய பையனுக்கு முழங்கால் வரை வந்தது.

காலாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், துணைக்கு ஓர் ஆசிரியை, நாம். சென்னையிலிருந்து டில்லி ஏறக்குறைய 2,180 கிலோ மீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையும் சப்பாத்தியும் நாகபுரி வரைக்கும் தாங்கின. டில்லியில் பகல் முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது. மூட்டைகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ராஜ்காட் போய் வந்தோம். இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் காத்கோதாம். ரயில் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. மலை எதிரே எழுந்து நிற்கிறது. மேலே பஸ் பிரயாணம். வளைவுகளைப் பற்றி எழுதினால் சிலருக்கு மறுபடியும் வயிற்றைப் பிரட்டும், ஆகையால் விட்டுவிடுவோம்.

கௌசானியில் நாம் தங்கியது அனாசக்தி ஆசிரமத்தில். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் குமாவோனில் சுற்றுப்பிரயாணம் செய்த மகாத்மா காந்தி, அப்போது தேயிலைத் தோட்டத்து விடுதியாக இருந்த இந்த இடத்தில் சுமார் இரண்டு வாரம் தங்கினார். கீதைக்கு அவர் குஜராத்தியில் செய்த மொழிபெயர்ப்பின் பெயர் 'அனாசக்தி யோகம்'. அதன் முன்னுரையில் காணும் இடம் கௌசானி, தேதி 24-6-1929. அந்தப் புத்தகம் வெளிவந்த நாள் எது தெரியுமா? 1930 மார்ச் 12. தண்டி யாத்திரை புறப்பட்ட அதே நாள். இந்தச் செய்தியை வகுப்பறையில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் குறித்துக்கொண்டிருப்பார்கள். அந்த முற்றத்தில் சொன்னபோது குறித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆசிரமத்தில் வாடகை சொற்பம். அறை சாதாரணம், ஆனால் சுத்தம். மாலைப் பிரார்த்தனையில் கலந்துகொள்வது விருந்தினருக்கு முறை. உணவில்தான் ஓர் அதிசயம் காத்திருந்தது. அந்தப் பக்கத்தில் 'மடுவா' என்ற கறுத்த மாவில் ரொட்டி சுடுகிறார்கள். 'கஹத்' என்று ஒரு பருப்புச் சாறு. மில் தொழிலாளியின் பெண் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டதும், "ஸார், இது நம் கேழ்வரகு!" என்றாள். சாற்றை ருசி பார்த்தவன், "இது கொள்ளு ரசம்" என்றான். இரண்டும் வாஸ்தவம். வீட்டில் கேழ்வரகைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும் பையன் ஒருவன் நாலு ரொட்டி தின்றதை அவனுடைய தாயார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அருகிலுள்ள லட்சுமி ஆசிரமத்துக்கும் போனோம். லண்டனில் 1901-இல் பிறந்த காதரின் ஹைல்மன் என்ற மாது 1932-இல் இந்தியா வந்து, காந்திஜியின் வழியில் நின்று, சரளா பெஹன் ஆனார். மலைநாட்டுப் பெண்களுக்காக 1946-இல் அவர் ஏற்படுத்திய ஸ்தாபனம் இது. பாடத்தோடு பயிர்த்தொழிலும், மாடு வளர்ப்பும், நூற்பும் இங்கே கல்வி. நம் பிள்ளைகளுக்கு ஹிந்தி வராது. அந்தப் பெண்களுக்குத் தமிழ் வராது. ஆனால் புல்லறுக்கும் அரிவாளைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்குப் பாஷை எதற்கு? ஹிந்திக் கவி சுமித்ரானந்தன் பந்த் 1900-இல் பிறந்த வீடும் இவ்வூரில் பொருட்காட்சிச் சாலையாக இருக்கிறது. ஞானபீடப் பரிசு பெற்ற அவருடைய நூலின் பெயர் 'சிதம்பரா' என்றதும், நம் கோஷ்டியில் சிதம்பரத்துக்காரன் ஒருவன் அன்று முழுதும் தலை நிமிர்ந்து நடந்தான்.

எல்லாம் சரி; மலை எங்கே? முதல் நாள் காலையில் மேகம். இரண்டாம் நாள் மேகம். மழைக்காலத்தின் வால் இன்னும் வடக்கே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளும் ஐந்து மணிக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றோம். அன்று பகல் புறப்பட்டு நைனிதாலில் ஒரு நாள் தங்கி, ஏரியில் படகு விடுவதாக ஏற்பாடு. படகுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தோம். இன்னும் ஓர் இரவு கௌசானியில் இருந்தால் நைனிதால் கிடையாது. நேரே காத்கோதாமுக்கு இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். இருந்தாலும் மேகம் விலகும் என்பதற்கு யார் ஜாமீன்?

பணம் அவர்களுடையது, தீர்மானமும் அவர்களுடையதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கை தூக்கச் சொன்னபோது நைனிதாலுக்கு ஏழு, கௌசானிக்கு ஐந்து. காரியம் முடிந்தது என்று நினைத்தோம். அப்போது அந்த மில் தொழிலாளியின் பெண் எழுந்து, "ஸார், பத்து மாதம் கட்டிய அம்மா, என்ன பார்த்தாய் என்று கேட்பாள். மேகம் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "படகு நம் ஊர் ஏரியிலும் விடுகிறார்கள்" என்றது. மறுபடியும் கை எண்ணினோம். கௌசானிக்கு எட்டு, நைனிதாலுக்கு நாலு. அந்த நாலு பேரும் இராச் சாப்பாடு வரையில் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் விடியுமுன் நம்மை எழுப்பியது அந்த நாலு பேரில் ஒருவன். வானம் நட்சத்திரமாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பாலைக் கொட்டினாற்போல் மூடுபனி. அதற்கு மேலே, மேகம் இருக்கும் என்று நாம் நினைத்த இடத்துக்கும் மிக மேலே, ஒரு சிறு முனை சிவந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு மூன்றாவது. திரிசூலம்! 23,360 அடி. கிழக்கே, 25,643 அடி உயரமுள்ள நந்தாதேவி. சிவப்பு பொன்னிறமாயிற்று, பொன் வெள்ளையாயிற்று. அரை மணி நேரம் இருக்கலாம். கூச்சல் போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம், ஒருவரும் போடவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த சின்னப் பையன், பட்டாளத்துக் கோட்டின் கைக்குள்ளிருந்து விரலை நீட்டி, "வில்லை எந்த மலையில் பொறித்தார்கள், ஸார்?" என்று கேட்டான். நமக்குத் தோன்றிய ஒரு சிகரத்தைக் காட்டினோம்.

எட்டு மணி பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றும்போது மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. படகுப் பணம் மிச்சம் கையில் இருந்தது. அல்மோராவில் பஸ் நின்ற பத்து நிமிஷத்தில், சர்க்கரை மணிகள் ஒட்டிய பழுப்பு நிறப் பால் மிட்டாயை இரண்டு டப்பா வாங்கினோம். ஒன்றை ஊருக்கென்று கட்டி வைத்தாள் மில் தொழிலாளியின் பெண். மற்றொன்று காத்கோதாம் சேர்வதற்குள் காலியாகிவிட்டது.