மூன்று வருடமா, நான்கு வருடமா?



ஒரு வாரமாக எங்கள் வீட்டில் பேச்செல்லாம் டெக்சாஸில் பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியைப் பற்றித்தான். நான்கு வருட ஹைஸ்கூலை மூன்றே வருடத்தில் முடிக்கப் போகிறாளாம். ஏ.பி. வகுப்புகளையும் விடமாட்டாளாம். (ஏ.பி. என்றால் கல்லூரி முதலாண்டு அளவுப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். நன்றாக வாங்கினால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம்.)

"தாத்தா, பன்னெண்டாவதுல பாதிப் பேர் சும்மாதான் உக்காந்திருப்பாங்க. நான் எதுக்கு?" என்பது அவள் வாதம்.

என் மகனுக்குக் கவலை வேறு. அவன் இருப்பது எச்1பி விசாவில். கிரீன் கார்டு வரிசையின் நீளம் உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் அப்பாவின் விசாவை ஒட்டி இருக்க முடியாது, மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். வழக்கம்போல் படித்தால் கல்லூரிக் கடைசி வருடம் தொடங்கும்போதே அவளுக்கு 21 ஆகிவிடும். ஒரு வருடம் முன்னால் முடிந்தால் தேவலை என்று நினைக்கிறான். நியாயம்தானே.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? பேப்பரை எடுத்தேன். டெக்சாஸில் பள்ளி முடிக்கக் குறைந்தது 22 கிரெடிட், ஒரு சிறப்புத் துறையோடு முடிக்க 26. பள்ளியில் முன்வரிசையில் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் தரும் நேரடி இடம் வேண்டுமானால் 26 வழிதான். அவள் பள்ளியில் வருடத்துக்கு ஏழு கிரெடிட், மூன்று வருடத்தில் 21. எட்டாவதிலேயே முடித்த அல்ஜீப்ராவும் ஸ்பானிஷும் சேர்த்தால் 23. மீதி மூன்றைக் கோடை விடுமுறையில் முடிக்கலாம்.

கூட்டல் சரியாக வருகிறது. சிக்கல் பாடங்களின் வரிசையில்தான். ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா இரண்டு, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில்தான் கால்குலஸ். பதினொன்றோடு கிளம்பினால் கால்குலஸைத் தொடாமலே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போய் உட்காருவாள். கால்குலஸ் தேவைப்படும் ஏ.பி. இயற்பியலும் போச்சு. நான்கு வருட ஆங்கிலத்தை மூன்றில் அடைக்க வேறு பீரியட் வேண்டும். போதாததற்கு, பதினொன்றாம் வகுப்பின் அக்டோபர், நவம்பரிலேயே கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வருட ஏ.பி. மதிப்பெண் ஜூலையில்தான் வரும். இடம் கொடுப்பவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

நான் டபுள் புரமோஷனுக்கு எதிரி அல்ல. ஐந்தாவதிலிருந்து நேரே ஏழாவதுக்கு வந்த ஒருவன் என் வகுப்பில் இருந்தான் (இதைப் படிப்பாய் என்று தெரியும், சிரிக்காதே). பின்னம் தெரியாமல் வந்தான். ஒரு மாதம் மாலையில் உட்கார்ந்து பிடித்துவிட்டான். பின்னத்தை ஒரு மாதத்தில் பிடிக்கலாம், கால்குலஸ் அப்படியல்ல.

மகனிடம் கேட்டேன்: "வருஷத்தைப் பள்ளிக்கூடத்துலதான் வெட்டணுமா? ஏ.பி. கிரெடிட்டோட போய்க் காலேஜ்ல ஒரு வருஷம் குறைச்சாலும் பட்டம் வாங்குற தேதி ஒண்ணுதானேப்பா?" பள்ளியின் நான்காவது வருடத்துக்கு ஃபீஸ் கிடையாது. ஏ.பி. தேர்வு ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு டாலர்தான். கல்லூரியில் ஒரு வருடம் குறைந்தால் மிச்சமாவது பல ஆயிரம் டாலர்.

அவன் விடவில்லை. "அப்பா, ஹிஸ்டரி, இங்கிலீஷ் கிரெடிட் எத்தனை இருந்தாலும் இன்ஜினியரிங்ல வருஷம் குறையாது. மேத்ஸ்ல ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்ததை எடுக்க விடுவாங்க" என்றான். சரியான பேச்சு. அதற்காகத்தான் கால்குலஸைப் பள்ளியிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

இப்போதைக்கு, இந்தக் கோடையில் ப்ரீகால்குலஸ், பதினொன்றில் கால்குலஸ் பி.சி. என்று பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். எந்த வழியில் போனாலும் அது வீணாகாது. பள்ளியை விட்டு எப்போது கிளம்புவது என்பதைச் செப்டம்பருக்குள் சொல்ல வேண்டும். அதுவரை தினமும் வீடியோ காலில் தாத்தாவைத் தன் பக்கம் இழுக்கும் வேலை நடக்கும்!

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களே, ஏ.பி. கிரெடிட்டை வைத்து இன்ஜினியரிங்கை மூன்று, மூன்றரை வருடத்தில் நிஜமாகவே முடித்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள். எந்தெந்தப் பாடம் கைகொடுத்தது என்றும் எழுதுங்கள். மகனுக்குக் காட்ட வேண்டும்.