நேப்பிள்ஸ் போனால் மாரினாரா

நேப்பிள்ஸ் பீட்சாவின் நடுப்பகுதி சொதசொதவென்று இருக்கும். அந்த ஊரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் இதை மட்டும் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். தோசையைக்கூட முறுகலாகக் கேட்டு வாங்குகிறவன் நான். முழு வட்டமாகக் கொண்டுவந்து வைத்த மார்கரீட்டா பீட்சாவைக் கத்தியால் வெட்டித் தூக்கினால், நுனி துவண்டு, தக்காளியும் சீஸும் தட்டிலேயே வழிந்துவிட்டன.

கைப்பிசகு என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பருகே நின்று பார்த்தால் காரணம் விளங்கும். பீட்சா தட்டுகிறவர் சப்பாத்திக் கட்டையைத் தொடுவதே இல்லை. விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளுகிறார். அந்த ஓரம்தான் பிறகு உப்பிக்கொண்டு, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்து நிற்கிறது. விறகு எரியும் செங்கல் அடுப்புக்குள் சூடு 430 டிகிரிக்கும் மேல். உள்ளே போனது 60 முதல் 90 விநாடிக்குள் வெளியே வந்துவிடும். தக்காளியின் நீரும் சீஸின் நீரும் வற்ற அவகாசம் ஏது?

இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். 'உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா' சங்கத்தின் விதிப்படி விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடுவில் கனம் கால் சென்டிமீட்டர். ஆனால் சங்கம் பிறந்ததே 1984-இல்தான். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாந்தர் துய்மா 1840-களில் இதே ஊரைப் பற்றி எழுதியபோது, பன்றிக்கொழுப்பு போட்ட பீட்சா, பொடிமீன் போட்ட பீட்சா என்று பல வகைகளைச் சொல்கிறார். 1889-இல் இத்தாலிய ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்போசித்தோ மூவண்ண பீட்சா செய்தார் என்ற கதைக்கு ‘பிராண்டி’ என்ற பீட்சா கடையின் வாசலில் கல்வெட்டே இருக்கிறது. ஆனால் அதற்காக அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லும் நன்றிக் கடிதத்தைச் சில வரலாற்றாசிரியர்கள் நம்பத் தயாராக இல்லை. நேப்பிள்ஸ்காரர்களின் கைத்திறனுக்கு யுனெஸ்கோ 2017-இல் அங்கீகாரம் கொடுத்தது நியாயம்தான். அதற்காக மற்றதெல்லாம் போலி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோமில் தட்டையாக, கடித்தால் நொறுங்குகிற பீட்சா கிடைக்கிறது. தெருக்கடைகளில் நீளத் தட்டிலிருந்து வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். என் பல்லுக்கு அதுதான் ஒத்துவருகிறது. அன்னாசி போட்டதோ 1962-இல் கனடாவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் செய்த வேலை. எனக்குப் பிடிக்காது, சாப்பிடுகிறவரைத் திட்டவும் மாட்டேன்.

இருந்தாலும் நேப்பிள்ஸுக்கு மறுபடி போகச் சொன்னால் போவேன், மாரினாராவுக்காக. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ் இல்லாததால் நடுப்பகுதி அவ்வளவு ஈரமாவதில்லை; சூட்டில் வாடிய பூண்டும் புளிப்புத் தக்காளியும் நேராக நாக்குக்கு வருகின்றன. மார்கரீட்டாவைவிட இதுதான் பழையது என்கிறார்கள். 1870-இல் தொடங்கிய தா மிக்கேலே கடையில் நெடுங்காலம் இந்த இரண்டையும் தவிர வேறெதுவும் போட்டதில்லை.

கடலை நினைவூட்டும் பெயரைக் கேட்டு மீன் இருக்குமோ என்று சைவக்காரர்கள் ஒதுங்க வேண்டாம். மீனும் இல்லை, சங்க விதிப்படி செய்யும் கடைகளில் மாவில் கொழுப்பும் இல்லை. பெரும்பாலான கடைகளில் விலைப்பட்டியலில் மலிவானதும் இதுதான்.