பொறி தவறாத கிழட்டுக் கார்

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பது எல்லோருக்கும் பொழுதுபோக்கு அன்று. 1970களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுகியபோது, வீட்டில் நின்ற மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் பேணிக் காப்பதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2020இல் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை ஓய்வூதியக்காரருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் நண்பர் அத்தகைய ஓய்வூதியக்காரர், ஆசிரியராக இருந்தவர். மனைவியை வாரம் இரு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்வது தந்தையார் விட்டுச்சென்ற மொரிஸ் மைனரில்தான். கடந்த மாரியில் அது இரு தடவை நடுவழியில் நின்றுவிட்டது. “இலத்திரனியல் இக்னிஷன் பூட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?” என்று என்னிடம் கேட்டார். செய்தியாளனின் பழக்கம் விடாதே. வெள்ளவத்தையில் நீண்டகாலமாகக் கராஜ் நடத்தும் ஒரு பாஸிடம் சென்று விசாரித்தேன்.

அவர் விளக்கியது இதுதான். பழைய முறையில் ‘பொயின்ற்’ எனப்படும் சிறு தொடுமுனைகள் திறக்கும்போது கொயிலில் மின்னோட்டம் அறுந்து, உயர் அழுத்தம் பிறந்து, பிளக்கில் பொறி பறக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றால் பொயின்ற் 6000 தடவை திறக்க வேண்டும். அதன் இடைவெளியோ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு மாத்திரமே. தேய்மானத்தால் அது குறையக் குறையப் பொறி பிந்துகிறது. போதாக்குறைக்கு, இன்று கிடைக்கும் கொண்டென்சர்களில் பல தரங்குறைந்தவை.

இலத்திரனியல் முறையில் தொடுமுனையே கிடையாது. தண்டோடு சுழலும் காந்தத்தை உணர்ந்து ஒரு சிறு மொடியூல் மின்னோட்டத்தை அறுக்கிறது. உராய்வு இல்லாததால் நேரம் பிசகுவதில்லை.

“அப்படியானால் பயமில்லையா?” என்றேன்.

“பொயின்ற் சாகுமுன் இருமிக் காட்டும், ஐயா. மொடியூல் சொல்லாமல் போய்விடும்,” என்றார் பாஸ்.

ஆனால், அது பெரும்பாலும் மனிதர் கையால்தான் சாகிறது என்றும் சொன்னார். மொரிஸ் மைனர் நேர்முனை நிலத்தொடுப்புடன் வந்த கார். பல கார்களில் பின்னர் அதை எதிர்முனைக்கு மாற்றிவிட்டார்கள். இதைப் பாராமல் தவறான மொடியூலைப் பூட்டினால் அக்கணமே கருகிவிடும். தடை குறைந்த கொயிலும் அதைச் சுட்டுவிடும். எஞ்சின் நின்ற பின் சாவியைத் திறந்தபடி விடுவதும் ஆபத்து. பற்றரி இணைப்புகள் துருப்பிடித்திருந்தால், கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இது சாதாரணம், எந்த நவீனக் கருவியும் தடுமாறும்.

ஆகவே, மாற்றுவது நல்லது. பழையதை எறிவது நல்லதன்று என்பதே அவருடைய தீர்ப்பு. இடைவெளி சரிசெய்து வைத்த பொயின்றும் கொண்டென்சரும் காரிலேயே இருந்தால், தெருவோரத்தில் பூட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். நடுவழியில் மொடியூலைத் திருத்தித் தர எவராலும் இயலாது.

நண்பர் அவ்வாறே செய்தார். பழைய பாகங்கள் ஒரு பிஸ்கற் பேணியில் இருக்கின்றன. மருத்துவமனைக்குப் புறப்படும்போது அந்தப் பேணி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் அவருடைய மனைவியார்தான்.