ஒரு வளவும் இரண்டு குடியும்

எனது பழைய கணினி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் முகம் காட்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் உபுண்டு லினக்ஸ், விண்டோஸ் எக்ஸ்பி என்று பெயர்கள் தெரியும். எந்த வீட்டுக்குள் போவதென்று பத்து விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பின் கொழும்பில் என்னோடு வந்து தங்கியிருந்த வாப்பா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"இதுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்காங்களா மகன்?"

"ஓம் வாப்பா. ஆனா ஒராள் எழும்பினா மத்தவர் உறங்கணும்."

"அப்ப ஒரு வளவுக்குள்ள ரெண்டு குடி. வேலி போட்டிருக்கியா?"

வேலிதான். எங்கள் ஊரில் ஒரு வளவைப் பிரித்து இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாற்பது ஜிகாபைட் வன்தட்டில் பத்தை லினக்ஸுக்கென வகுத்திருந்தேன். மிகுதி விண்டோஸுக்கு. லினக்ஸ் வீட்டு ஜன்னலால் எட்டி விண்டோஸ் வீட்டுக் கோப்புகளைப் பார்க்கலாம். விண்டோஸுக்கோ பக்கத்தில் ஒரு வீடு இருப்பதே தெரியாது.

அந்த வேலியை நான் போட்ட இரவு மறக்கக்கூடியதல்ல. வாப்பாவின் பதினொரு சிறுகதைகளை 2003இல் கொழும்பு அறையில் இருந்து பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து வைத்திருந்தேன். அச்சிடப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடற்கரையை அண்டியிருந்த எங்கள் வீட்டோடு அவரது சீ.ஆர். கொப்பிகளும் போயின. கதைகள் மிஞ்சியது எனது வன்தட்டில் மட்டும்தான். சீடியொன்றில் எடுத்து வைத்த பிரதி கீறல் விழுந்து வாசிக்க மறுத்துவிட்டது.

2006இல் உபுண்டுவின் சீடி தபாலில் வந்து சேர்ந்தது. கனோனிக்கல் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பிய காலம் அது (2011இல் நிறுத்திவிட்டார்கள்). எனது எக்ஸ்பியோ பம்பலப்பிட்டியில் நூற்றுச் சொச்சத்துக்கு வாங்கிய களவுப் பிரதி. "இது ஹலாலான சாமானா மகன்?" என்று வாப்பா முன்பொருமுறை கேட்டது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. அதுவே என்னை லினக்ஸ் பக்கம் தள்ளியது.

சீடியிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டுப் பார்க்கலாம், வன்தட்டைத் தொடாது. அத்தோடு நின்றிருக்கலாம். நான் நிறுவப் போனேன். முழு வன்தட்டையும் அழித்து நிறுவவா, இருப்பதைச் சுருக்கி அருகில் நிறுவவா என்று அது கேட்டது. இரண்டாவதைத்தான் தெரிவு செய்தேன். ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு, முதலாவதை அழுத்திவிட்டேனோ என்ற ஐயம் பிடித்துக்கொண்டது. கோடு நகர்ந்து முடியும்வரை உம்மாவுக்குத் தெரிந்த ஸலவாத்தெல்லாம் நானும் ஓதினேன். வேறொரு பிரதி எடுக்காமல் தொடங்கியது எனது மடமை. வேறு சொல் இல்லை.

கதைகள் தப்பின. மறுநாளே பென் டிரைவொன்று வாங்கினேன்.

அடுத்த வருடம் வைரஸ் புகுந்து எக்ஸ்பியை மீண்டும் நிறுவ நேர்ந்தது. நிறுவி முடிந்ததும் அந்தக் கறுப்புத் திரையே வரவில்லை. லினக்ஸ் செத்துவிட்டது என்றே எண்ணினேன். சாகவில்லை. வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள்தான் வாசற்காவலன் நிற்கிறான். விண்டோஸ் தன் ஆளை நிறுத்தும்போது முன்பு நின்றவனைக் கேட்பதில்லை. வீடு இருக்கிறது, வாசல்தான் இல்லை. சீடியால் கணினியை இயக்கி, கிரப் என்ற அந்தப் பழைய காவலனை மீண்டும் நிறுத்தியதும் சரியாயிற்று. விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு நிறுவச் சொல்வதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

கடிகாரமும் ஒருமுறை விளையாடியது. கணினியின் உள்ளே மின்கலத்தில் ஓடும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரத்தில் வைப்பதே வழமை. இடையில் ஐந்தரை மணித்தியாலம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது விண்டோஸ் பகல் பன்னிரண்டே முக்காலைக் காட்டியது. வாப்பா எட்டிப் பார்த்தார். "இவரு இன்னும் லுஹரே தொழல்ல போல."

அவர் 2011இல் வபாத்தானார். புத்தகம் வரவில்லை.

இப்போது யூனிகோடில் புத்தகமாக்கும் வேலையில் இருக்கிறேன். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'உம்மா' என்பது சீ, கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று தெரியும். 'இலங்கை' காற்புள்ளியில் தொடங்கும். மாற்றும் மென்பொருள் இதையெல்லாம் கணப்பொழுதில் சீராக்கிவிடுகிறது. ஆனால் வாப்பாவின் கதையொன்றில் ஆங்கிலத் தந்தி ஒன்று வருகிறது. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் எழுத்தாக எடுக்கும்போது எழுத்துரு உதிர்ந்துவிடுவதால் எது பாமினி, எது ஆங்கிலம் என்று மென்பொருளுக்குப் பிடிபடுவதில்லை. தந்தி முழுவதும் தமிழ் எழுத்தில் பேய் உளறலாக மாறிப் போயிற்று. ஒப்புநோக்கக் கொப்பி இல்லை. கேட்க வாப்பாவும் இல்லை.

ஆகவே எக்ஸ்பியை நான் இன்னும் விடவில்லை. பழைய கணினி ஓய்ந்துவிட்டது. எனது மடிக்கணினியில் லினக்ஸுக்குள்ளேயே வேர்ச்சுவல்பொக்ஸில் எக்ஸ்பியைக் குடிவைத்திருக்கிறேன். இப்போது ஒருவர் உறங்க வேண்டியதில்லை. இருவரும் விழித்திருக்கிறார்கள், நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு. ஒரு கிணற்றில் இரு வீட்டாரும் அள்ளுவதுபோல. 2014 ஏப்ரலோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டதால் இணையத் தொடர்பு கொடுப்பதில்லை. இம்முறை உரிமத்தோடு வந்த சீடி. நண்பரொருவர் பாவித்து ஒதுக்கிய கணினியை வாங்கியபோது அதனோடு கிடைத்தது. வாப்பா கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இடப்பக்கம் பேஜ்மேக்கரில் வாப்பாவின் பக்கம், வலப்பக்கம் யூனிகோட். ஒன்பது கதைகள் ஒப்புநோக்கி முடிந்துவிட்டன. தந்தி வரும் கதை பத்தாவது. நேற்றிரவு அதைத் திறந்தேன்.