ஒரு மணி நேரப் பெயர்கள்

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. பெயரைத் தாங்கி வருபவன் என்பதால்தான் 'பெயரன்' என்றும், பின்னர் 'பேரன்' என்றும் வழங்கலாயிற்று. மறைந்தவரின் நினைவு மறையாதிருக்க நாம் கண்ட வழி அது. அம்மரபில் வளர்ந்த நான், ஒரு மணி நேரமே வாழக்கூடியவற்றிற்குப் பெயர் சூட்டும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். அவை கணினிகள்.

நாம் ஓர் இணையதளத்தை நாடும்போது நமக்கு விடையளிப்பது பெரும்பாலும் ஒரே கணினி அன்று. 'சர்வர்' எனப்படும் சேவைக் கணினிகள் பல அணிவகுத்து நிற்க, அவற்றின் முன்னே 'லோடு பேலன்சர்' என்னும் சுமைபகிர்வி அமர்ந்து, வருவோரை இன்ன கணினியிடம் செல்க என்று அனுப்புகிறது. கூட்டம் பெருகினால் புதிய கணினிகள் தாமாகவே உருவாக்கப்படுகின்றன, குறைந்தால் நீக்கப்படுகின்றன. பெரிய இயந்திரங்களுக்குள் மென்பொருளால் வகுக்கப்படுபவை ஆதலால், அவை சில நிமிடங்களில் தோன்றவும் மறையவும் இயலும். அமேசான் நிறுவனம் 2009-இல் இவ்வசதியைத் தன் வாடிக்கையாளருக்கு வழங்கத் தொடங்கியது.

முன்பெல்லாம் கணினிக்குப் பெயரிடுவது ஒரு சிறு விழா. அதற்கு அறிவுரை கூறவே 1990-இல் இணைய வல்லுநரிடையே 1178 என்னும் எண்ணுடைய குறிப்பு ஒன்று வெளியாயிற்று. உங்கள் சொந்தப் பெயரை இடாதீர்கள்; தனிமங்கள், பூக்கள், புராண இடங்கள் என ஏதேனும் ஓர் இனத்திலிருந்து பெயர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றெல்லாம் அது கூறுகிறது. ஆனால், நள்ளிரவில் தாமாகப் பிறக்கும் கணினிகளுக்கு எவர் விழித்திருந்து பூவின் பெயரைத் தேடுவார்? எனவே அப்பொறுப்பும் விதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருள், தான் உருவாக்கும் சேவை அலகுகளின் பெயர்களின் இறுதியில் பொறுக்கி எடுத்த ஐந்து குறிகளைச் சேர்க்கிறது. தற்செயலாகத் தகாத சொல் எதுவும் அமைந்துவிடக் கூடாதென்று, அவற்றுள் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் விலக்கப்பட்டுள்ளன. உயிரெழுத்தே இல்லாத பெயர்கள்! தமிழனுக்கு இதைப் படிக்கையில் புன்னகை வராமலிராது.

சுமைபகிர்விக்கோ இப்பெயர்கள் தேவையே இல்லை. ஒவ்வொரு கணினியின் முகவரி எண்ணும், அது நலமாக இயங்குகிறதா என்பதும் தெரிந்தால் அதற்குப் போதும். சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும்; தொடர்ந்து விடை வராவிடில் அக்கணினிக்கு எவரையும் அனுப்பாது. அப்படியாயின் பெயர் யாருக்காக?

நான் பணிசெய்த ஓரிடத்தில் மாணவர்களின் தேர்வுக் கட்டணம் இணையவழி பெறப்பட்டது. இறுதி நாள் மாலையில் கூட்டம் அலைமோத, கணினிகள் பெருகின, இரவில் குறைந்தன. சில நாள் கழித்து ஒரு மாணவியின் தந்தை முறையிட்டார். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருந்தது. எங்கள் ஏட்டிலோ கட்டணம் வரவில்லை. பணம் கட்டியதற்குச் சான்றில்லையேல் தேர்வில்லை. பதிவேட்டைப் புரட்டினோம். அவருக்குப் பணியாற்றியது 'ஏழாம் கணினி' என்றிருந்தது. ஆனால் அன்று மாலை ஏழாம் எண்ணைத் தாங்கியவை மூன்று கணினிகள். ஒன்று மறைந்ததும் அதன் எண்ணை அடுத்துப் பிறந்ததற்குக் கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். மூன்றின் குறிப்புகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கணினிகளோ மூன்றும் மறைந்துவிட்டன. நொடி நொடியாக ஒப்பிட்டு உண்மையைக் கண்டறிய இரண்டு நாள்கள் ஆயின. அந்த இரண்டு நாளும் அக்குடும்பம் எப்படி உறங்கியிருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

அதன்பின் விதியை மாற்றினோம். எந்தச் சேவைக்கு உரியது, எவ்வூர் மையத்தில் இருப்பது, எந்நேரம் பிறந்தது என்பவற்றோடு, எந்நாளும் மீண்டும் வழங்கப்படாத ஒரு குறியும் சேர்ந்ததே இனிப் பெயர். கணினி மறையுமுன் அதன் குறிப்புகள் அனைத்தும் அப்பெயரோடு வேறோரிடத்தில் சேர்க்கப்படும். பிறிதொரு முறை இத்தகைய முறையீடு வந்தபோது, விடை காணச் சில நிமிடங்களே தேவைப்பட்டன.

மனிதருள் ஒரு பெயரை மீண்டும் இடுவதால் நினைவு வாழ்கிறது. இங்கோ மீண்டும் இடாமையால்தான் நினைவு வாழ்கிறது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. ஒரு மணி நேரமே வாழ்ந்த கணினியும் அந்நேரத்தில் யாரோ ஒருவரின் பணத்தை, விண்ணப்பத்தை, எதிர்காலத்தைக் கையாண்டிருக்கிறது. 'இதைச் செய்தது எது?' என்று அவர் பின்னொரு நாள் வந்து கேட்பார். அன்று அவருக்கு விடை சொல்லும் கடமை நம்முடையது. பெயர், அக்கடமைக்காக நாம் முன்கூட்டியே எழுதிவைக்கும் உறுதிமொழி.