புல் முடிந்து செல்வோர்

ஓட்டம் என்றதும் மாணவர் மனக்கண்முன் தோன்றுவன சுண்ணாம்புக் கோடிட்ட பள்ளித் திடலும், நேரம் குறிக்கும் கடிகாரமும், முதல் மூவர்க்கு மட்டுமே கிடைக்கும் பரிசுக் கிண்ணமுமாம். கோடும் கடிகாரமும் பரிசும் இல்லாத ஓட்டம் ஒன்றும் உண்டு. பேணுவாரின்றிக் கிடக்கும் காட்டுத் தடங்களில், நண்பர் சிலர் கூடி, காலை தொடங்கி மாலைவரை ஓடியும் நடந்தும் ஏறியும் இறங்கியும் செல்லும் நெடும்பயணம் அது. ஜொகூர் மாநிலத்தார்க்கு அது புதிதன்று. குளுவாங் நகரை ஒட்டி 510 மீட்டர் உயர்ந்துள்ள லம்பாக் மலையும், அதே மாவட்டத்தில் 1,010 மீட்டர் உயர்ந்துள்ள பெலுமுட் மலையும், தங்காக் பக்கத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையும் இத்தகையோரை நாளும் அழைத்துக்கொண்டே இருக்கின்றன.

இவ்வகை ஓட்டத்தை ஒரு முறையாக வகுத்து உலகுக்கு அளித்தது நம் நாடே என்பது மாணவர் பலர் அறியாத செய்தி. 1938ஆம் ஆண்டில் கோலாலம்பூரில், கிஸ்பர்ட் என்ற கணக்காய்வாளரும் அவர்தம் நண்பர்களும் வாரந்தோறும் கூடி ஓடலாயினர். அவர்கள் உணவு கொண்ட விடுதிக்கு வேடிக்கையாக வழங்கிய ‘ஹேஷ் ஹவுஸ்’ என்னும் பெயரே குழுவின் பெயராயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் காக்கும் போரில் கிஸ்பர்ட் உயிர் நீத்தார். ஆயினும் போருக்குப் பின் எஞ்சிய நண்பர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினர். இன்று உலகின் பல நாடுகளில் இதன் கிளைக் குழுக்கள் இயங்குகின்றன.

இவ்வோட்டத்தின் முறை சிந்திக்கத் தக்கது. ‘முயல்’ எனப் பெயர் பெற்றவர் முன்னதாகச் சென்று காகிதத் துண்டுகளைத் தூவி வழி குறிக்கிறார். ஏனையோர் அத்தடம் பற்றி ஓடுகின்றனர். இடையிடையே தடம் திடீரென மறைந்துவிடும். சில இடங்களில் பொய்த் தடமும் இருக்கும். விரைந்து ஓடியவர்களே அங்கு நின்று நாற்புறமும் தேடி அலைய வேண்டும். பொய்த் தடத்தில் நெடுந்தொலைவு சென்று திரும்புபவர்களும் அவர்களே. அவர்கள் மெய்த் தடத்தைக் கண்டு குரல் கொடுப்பதற்குள் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்து விடுகின்றனர். வலியவனுக்கு மிகுதியான உழைப்பு. மெலியவனுக்கு மூச்சு வாங்க அவகாசம். முடிவில் எல்லாரும் ஒருங்கே சேர்தல். இம்முறையை வகுத்தவர்கள் கல்வியாளர் அல்லர். எனினும் வகுப்பறை கற்கவேண்டிய பாடம் இதில் உண்டு அன்றோ!

காகிதம் தூவாத மலைத் தடங்களிலோ நிலைமை இன்னும் கடினமானது. நண்பர் ஐவர் அத்தகைய தடமொன்றில் செல்வதாக எண்ணிப் பார்ப்போம். மழைக்காட்டில் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். அதனைச் சுற்றிச் செல்வோர் புதுத் தடம் உண்டாக்க, எது பழையது, எது புதியது என்பது விளங்காமற் போகும். பிரம்பின் முள் சட்டையைப் பற்றும். அட்டை காலுறைக்குள் புகும். காலையில் கணுக்கால் அளவே ஓடிய ஓடை, மலைமேல் பெய்த மழையால் மாலையில் இடுப்பளவு பெருகி நிற்கும். கதிரவன் மறைவது ஏறத்தாழ ஏழு மணிக்கே எனினும், அடர்ந்த மரங்களின் அடியில் அதற்கு வெகு முன்னரே இருள் சூழ்ந்துவிடும். இத்தகைய இடத்தில் ஐவருள் ஒருவர் களைத்துப் பின்தங்குகிறார். தம்மால் மற்றவர்க்குத் தாமதமாகிறதே என்ற நாணத்தால், “நீங்கள் போங்கள், நான் மெல்ல வருகிறேன்” என்கிறார். அவர் சொல்லை ஏற்று நால்வரும் சென்றுவிட்டால், அடுத்து வரும் கவர்வழியில் அவர் தனித்து நிற்க நேரும். காட்டில் வழி தவறுதல் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது. ஆதலின் அனுபவம் உடையோர் இரண்டு விதிகளைக் கைவிடுவதில்லை: வழி பிரியும் இடந்தோறும் முன் செல்பவர் நிற்க வேண்டும்; கடைசியாக வருபவர் ஒருபோதும் தனியாக வரலாகாது.

இவ்விதிகள் தமிழர்க்குப் புதியன அல்ல. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் அமைந்தது, பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனுக்கு மலைவழி கூறுவதாக அமைந்தமையால் கூத்தராற்றுப்படை எனவும் அது வழங்கும். தேர்வுக்காகப் படிக்கும் மாணவர் அதனை ஒரு மன்னன் புகழ்ப் பாட்டாகவே எண்ணி விடுகின்றனர். மலைவழியில் கால் பதித்தவர்க்கோ அது உயிர் காக்கும் கையேடாகத் தோன்றும். பன்றிக்காக வைத்த பொறிகள் உள்ள இடம், காவலர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம், பாசி படிந்து வழுக்கும் இடம் என இடர்களை ஒவ்வொன்றாக அது எடுத்துரைக்கிறது. வழி பிரியும் இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. இன்று லேடாங் மலையேறுவோர் மரக்கிளையில் வண்ண நாடா கட்டிச் செல்வதும், அன்று கூத்தர் புல் முடிந்து சென்றதும் ஒரே அறமன்றோ! முன் சென்றவன் தான் கடந்த துன்பத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், பின் வருபவனுக்கு அறிவாக்கித் தருகிறான்.

இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1854ஆம் ஆண்டில் இதே லேடாங் மலை ஏறியபோது, உடன் சென்ற மலாய்க்காரர்களின் துணை அவர்க்கு இருந்தது. ஏறுகையில் நீர் வேட்கை மிக, குடுவைச் செடியில் தேங்கிய, பூச்சிகள் விழுந்து கிடந்த நீரைப் பருகியதை அவரே எழுதி வைத்துள்ளார். பேரறிஞரும் காட்டில் துணையை நாடியே செல்ல வேண்டியிருந்தது.

ஜொகூரின் தோட்டப்புறத் தடங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிப் பால்மரக் காட்டுக்குள் நடந்த நம் முன்னோரின் கால்களே அத்தடங்கள் பலவற்றை இட்டன. 1960ஆம் ஆண்டுகளுக்குப் பின் இரப்பர் படிப்படியாகச் செம்பனைக்கு இடம் விட்டது, லயங்கள் வெறுமையாயின, மக்கள் நகர் நோக்கிப் பெயர்ந்தனர். கால் படாத தடத்தைப் புதர் மூடிவிட்டது. தடம் என்பது வெட்டி வைத்ததால் நிலைப்பதன்று, நடப்பதால் நிலைப்பது. மொழிக்கும் பள்ளிக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் வருகை குறையுந்தோறும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் வாசலிலும் புல் வளரத்தான் செய்கிறது.

ஆசிரியப் பணியை வழிகாட்டும் பணி என்கிறோம். வழிகாட்டுதல் என்பது முன்னால் விரைந்து ஓடி எல்லையில் நின்று கைதட்டுவதன்று. கவர்வழியில் காத்து நிற்பதும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கடைசி இருக்கை மாணவனோடு சேர்ந்து நடப்பதும், அவன் நாணி ஒதுங்க முற்படும்போது விடாது உடன் அழைத்து வருவதுமே வழிகாட்டுதலாகும். விரைந்து கற்கும் மாணவனுக்கும் கடமை உண்டு. அவன் கண்ட தடத்தைக் குரல் கொடுத்துப் பிறர்க்கு அறிவிக்க வேண்டும். ஐவர் காட்டுக்குள் புகுந்தால் ஐவரும் வெளியே வரவேண்டும் என்பதே நண்பர் ஓட்டத்தின் ஒரே வெற்றி. நாற்பது பேர் நுழையும் வகுப்பறைக்கும் அதனினும் சிறந்த வெற்றி வேறொன்று இல்லை.